என் குரல் போயிருந்த வருஷம்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது எங்களுக்குப் பிளவுஸ் தைத்துத் தருகிற அக்காதான். முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தேன். கழுத்தளவு எடுக்க டேப்பைச் சுற்றியவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“எஸ்தரு, இங்க என்னமோ உருண்டையாட்ட இருக்குது. தொட்டுப் பாரு” என்றார்.

தொட்டேன். வலது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று இருந்தது. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது. வலி இல்லை. பண்டிகை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து சமைக்கும்போதும் சரி, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் சரி, கை தானாகவே கழுத்துக்குப் போகும். பயம் வந்துவிட்டது.

நான் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறேன். தறியில் குறுக்காக ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அதைத் தார் சுற்றுவது என்பார்கள். என் கணவர் தங்கவேல் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் வேன் ஓட்டுகிறார். பெரியவள் பிரிசில்லா, சின்னவள் கிரேஸ் என்று இரண்டு பெண் பிள்ளைகள். நாங்கள் போவது தகரக் கூரை போட்ட சின்ன சபை. அங்கே பாட்டு எடுத்துக் கொடுப்பது நான்தான்.

என் குரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. எனக்கு உரத்த குரல். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதையும் மீறி என் பாட்டு கடைசித் தறி வரைக்கும் போகும் என்று சொல்வார்கள். சபையில் கரண்ட் போய் மைக் நின்றுவிட்டால் போதகர் என்னைத்தான் பார்ப்பார். கர்த்தர் எனக்குப் படிப்பைக் கொடுக்கவில்லை, குரலைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொள்வேன்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். ஓமலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்பே கர்த்தரை ஏற்றுக்கொண்டு விசுவாசத்துக்கு வந்தவர். ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார். ஆனால் கடைசி வரிசையில், கதவோரத்தில், வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். யாராவது ஒரு சகோதரர் ஜெபியுங்கள் என்று போதகர் சொன்னால், அடுத்த நிமிஷம் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போய்விடுவார். ஏனுங்க, ஒரு வாய் ஜெபம் பண்ணினால் என்ன என்று கேட்டால், “எனக்குப் பேச வராது புள்ள. உனக்குத்தான் வருதில்ல, நீயே சேர்த்துப் பண்ணிரு” என்பார். வீட்டில் சாயங்கால ஜெபம் முழுக்க என் பாடுதான். அவர் ஆமென் மட்டும் சொல்வார். அதுவும் பாதி கேட்கும், பாதி கேட்காது. அவர் வாயைத் திறந்து ஜெபிக்க வேண்டும் என்று நான் கர்த்தரிடம் கேட்காத வருஷம் இல்லை.

பொங்கல் முடிந்ததும் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியில் ஊசி குத்தித் துளி எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டியா, நல்ல கட்டியா என்று அதில் தெளிவாகத் தெரியவில்லை, ஆபரேஷன் செய்து கட்டியையே எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். பொறுமையான அம்மா. ஒரு தாளில் படம் போட்டே காட்டினார்.

“குரலுக்குப் போற நரம்பு இந்தக் கட்டியை ஒட்டியே போகுதும்மா. ஜாக்கிரதையாத்தான் எடுப்போம். ஆனாலும் சிலருக்குக் கொஞ்ச மாசம் குரல் பாதிக்கும். அபூர்வமா சிலருக்குத் திரும்பி வராமலும் போகும். தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்றார்.

என் கணவர் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உசுருக்கு ஒண்ணும் இல்லீங்களே?” என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் செய்த ஜெபத்தை மறைக்காமல் சொல்கிறேன். “ஆண்டவரே, கட்டி கெட்டதாக இருக்கக் கூடாது. என் பிள்ளைகள் சின்னவர்கள். குரலையும் பார்த்துக்கொள்ளும், அது உமக்குப் பாடுகிற குரல்.” இப்படித்தான் கேட்டேன். அவருக்குப் பாடுகிற குரலை அவர் எடுக்கமாட்டார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள் தொடங்கிய வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது பக்கத்தில் என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஏனுங்க என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம். கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினேன்.

சில நாட்களில் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி கெட்டதில்லை. சபையே துதித்தது. போதகர் வீட்டம்மா போனில் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டில் ஒன்று அசையவில்லை என்றார். நரம்பு அறுபடவில்லை, களைத்துப் போயிருக்கிறது, தானாக எழுந்திருக்கலாம், காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். கிசுகிசுவென்று பேசிக்கூடத் தொண்டையைக் கஷ்டப்படுத்தக் கூடாதாம். தண்ணீர் குடித்தால் புரையேறும் என்பதால் தாடையைக் கீழே இறக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்.

வீட்டில் முதல் வாரம் கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் பிரிசில்லா, இரண்டு தட்டு என்றால் கிரேஸ். விடாமல் தட்டினால் நான் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம். போன் அடித்தால் பழக்கத்தில் எடுத்துவிடுவேன். என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு எதிரில் இருப்பவர் பயந்து வைத்துவிடுவார். என் கணவரின் முதலாளி ஒருநாள் அவரிடம், “தங்கவேலு, உங்க ஊட்டு போன்ல ஏதோ பாம்பு சீறுதுப்பா” என்றாராம்.

பிறகு வேடிக்கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் பாட, நான் நின்றுகொண்டிருந்தேன். வேறு ஒரு தங்கச்சி பாட்டு எடுத்துக் கொடுத்தாள், நன்றாகவே பாடினாள். கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எஸ்தரு, நல்லா யோசிச்சுப் பாரு. அறிக்கை பண்ணாத பாவம் ஏதாச்சும் இருக்குமாட்ட இருக்குது. இல்லாட்டி விசுவாசம் பத்தலயோ என்னமோ” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

கர்த்தர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கேட்டால் காலைக் கொடுத்திருப்பேன், கையைக் கொடுத்திருப்பேன். உமக்கென்று வைத்திருந்ததையா எடுக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டேன். அடுத்த ஞாயிறு தலைவலி என்று சைகை காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்வதையும் விட்டேன். யார் ஜெபிப்பது? ஜெபிக்கிறவளுக்குத்தான் வாய் இல்லையே.

இப்படிச் சில நாள் போனது. ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கிரேஸ் அப்பாவிடம் கேட்டாள்.

“அம்மாவுக்குப் பேச்சு வர்ற வரைக்கும் நம்ம ஊட்டுல ஜெபம் லீவாப்பா?”

அவர் எழுந்து போனார். கை கால் கழுவிவிட்டு வந்தார். பாயை விரித்தார். பிள்ளைகளை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினோம். பக்கத்துப் பட்டறைத் தறிதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, இவர் மனதுக்குள்ளேயே முடித்துவிட்டார் என்று நினைத்தபோது தொண்டையைச் செருமினார்.

“ஏசப்பா, வணக்கமுங்க” என்றார்.

கிரேஸ் களுக்கென்று சிரித்தாள். பிரிசில்லா அவளைக் கிள்ளினாள். அவர் நிறுத்தவில்லை.

“நான் தங்கவேலுங்க. பள்ளிபாளையம். எனக்கு இதெல்லாம் பேச வராதுங்க, உங்களுக்கே தெரியும். எப்பவும் பேசறவளுக்கு இப்பப் பேச்சு வரலீங்க. அவ உங்க மேல கோவமா இருக்கறா. அது அவ மூஞ்சியப் பாத்தாவே எனக்குத் தெரியுதுங்க. அவ கோவத்த மனசுல வெச்சுக்காதீங்க. நல்லவதானுங்க. அவ கொரலக் குடுத்துருங்க. குடுக்கற வரைக்கும் என்ற பேச்சக் கேட்டுக்குங்க. அவ்ளோதானுங்க. வாரேங்க. ஆமென்.”

நான் ஆமென் சொன்னேன். காற்றுதான். கண்ணைத் திறந்தால் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. சேலம் வரைக்கும் மூட்டை சுமந்து போய் வந்தவர் மாதிரி இருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வருஷக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது என் வீட்டுப் பாயில் நடந்துவிட்டது. நான் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் அது நடக்க இடமே இல்லாமல் இருந்தது. கர்த்தர் என்னைத் தண்டிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நம்பினேன். முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் தினமும் ஜெபித்தார். அன்றன்றைக்கு ஓட்டின வண்டியைப் பற்றி முதலாளியிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்வார். “இன்னிக்குச் செவ்வாய்ப்பேட்டையில வண்டி நகரவே இல்லீங்க. ஒரு ஆட்டோக்காரர் கூடச் சத்தம் போட்டுட்டனுங்க, மன்னிச்சுருங்க. அவரு பாவம், அவருக்கும் அவசரம். ஈரோட்டுப் பாலத்துல வாரப்ப காவேரியில தண்ணி நல்லாப் போகுதுங்க, அதுக்கு நன்றிங்க.” கடைசியில் எப்போதும் ஒரே வரிதான். “எஸ்தரு கொரல மறந்துராதீங்க.” நாங்கள் சபையில் ஜெபிக்கிற பெரிய வார்த்தை ஒன்றுகூட அதில் இருக்காது. நான் அதற்காகவே சாயங்காலத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

வேலைக்கும் திரும்பினேன். பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு ஆச்சரியம். ஊரில் எல்லா இடத்திலும் நான் ஊமை, அங்கே மட்டும் இல்லை. தறிச் சத்தத்தில் எல்லோருமே கைச் சைகையில்தான் பேசுவார்கள். நூல் தீர்ந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. என் குரல் எல்லாச் சத்தத்தையும் தாண்டும் என்பதால் நான்தான் இத்தனை நாள் அதைக் கவனிக்காமல் இருந்தேன். எங்கள் அடுத்த வீட்டில் இருக்கும் என் தோழி பழனியம்மாள் தறி ஓட்டுகிறவள். அவளுக்குக் கர்த்தரைத் தெரியாது, ஆனால் என்னை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சைகையாக எனக்குக் கற்றுக் கொடுத்தாள். நான் தப்பாகக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒருநாள் தண்ணீர் வேண்டும் என்பதற்குப் பதிலாக முதலாளி வருகிறார் என்று காட்டிவிட்டேன். பட்டறையே பரபரப்பாக வேலை செய்தது.

சித்திரை வெயில் நேரம் அது. தறி ஓட்டும் பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள், முந்தானை மிஷினில் சிக்காமல் இருப்பதற்காக. அன்றைக்குப் புழுக்கம் தாங்காமல் பழனியம்மாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். நான் நூல் சுற்றிக்கொண்டே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்து என்ன கேட்பாளோ என்று. கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிந்தாள். அவள் முந்தானை மோட்டார் பெல்ட் பக்கம் போவதைப் பார்த்தேன்.

கத்த வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த நொடியில் எனக்கு இருந்த தவிப்பை எழுத்தில் சொல்ல முடியாது. ஏசப்பா என்று உள்ளே கூப்பிட்டபடி எழுந்து பாய்ந்தேன். மெயின் சுவிட்ச் சுவரில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இழுத்து அணைத்துவிட்டேன்.

எல்லாத் தறியும் நின்றது. பெல்ட் புடவையைச் சுருட்டி அவள் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. பழனியம்மாள் தறிச் சட்டத்தில் கன்னம் ஒட்டிக் கிடந்தாள். கத்தரிக்கோலால் துணியை வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் சிராய்ப்பு, தோளில் ஒரு கன்றல், அவ்வளவுதான். பெல்ட் இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலாளி ஓடி வந்து, “யாருப்பா மெயின நிறுத்துனது?” என்று கேட்டார்.

பழனியம்மாள் தரையில் உட்கார்ந்தபடி என்னைக் காட்டினாள். “எஸ்தருதானுங்க.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்த முடியவில்லையே, கத்த முடியவில்லையே என்று சைகையில் திரும்பத் திரும்பக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அட, நீ கத்தியிருந்தா மட்டும் நான் மோட்டார்கிட்டக் குனிஞ்சிருக்கறப்பக் கேட்டிருக்குமாக்கும்? முன்னெல்லாம் நீ பாட்டுப் பாடிட்டு நூலத்தான் பாப்ப. இப்பத்தான் எங்க கையவே பாத்துட்டு இருக்கற. அதனால பாத்த. உன்ற சாமி எனக்காகத்தான் உன்ற வாய அடைச்சு வெச்சுதோ என்னமோ” என்றாள்.

கர்த்தர் அப்படித்தான் செய்தார் என்று நான் அடித்துச் சொல்லத் துணியமாட்டேன். அவருடைய கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு என் கோபம் முழுவதும் இறங்கிவிட்டது. குரல் இல்லாத எஸ்தரையும் அவர் பயன்படுத்துவார் என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே.

அந்த ஞாயிறு சபைக்குப் போனேன். பாட்டு எடுத்துக் கொடுத்த தங்கச்சியின் பக்கத்தில் நின்று கை தட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தார் போதகர். வாய் பேச முடியாதவள் என்ன சொல்லிக் கொடுப்பது? பட்டறைச் சைகையையே பாட்டுக்குச் சேர்த்துவிட்டேன். ஆண்டவர் வருகிறார் என்பதற்கு முதலாளி வருகிறார் சைகை. ஜீவத் தண்ணீருக்குத் தண்ணீர் சைகை. அதை மட்டும் சரியாகப் பழகியிருந்தேன். தறிக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகள் பாதிப் பேர். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு பாடினார்கள். பின்னால் நின்ற அம்மாக்களும் சிரித்தார்கள். இதற்கு முன்னால் நான் பாடும்போது எல்லோரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லோரும் பாடினார்கள்.

என் கழுத்து விஷயத்தில் மட்டும் மாற்றம் இல்லை. மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போய்க் குரல் பயிற்சி எடுத்தேன். சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு ஆ என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு ம் என்று முனக வேண்டும். வீட்டில் நான் தினமும் சுவரைத் தள்ளுவதைப் பார்த்து, “அம்மா ஊட்ட நகத்தறாங்க” என்று கிரேஸ் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பயிற்சி கொடுத்த பெண் நல்லவள். இருந்தாலும் ஆடி மாதம் போனபோது, “இவ்ளோ நாளைக்குள்ள கொஞ்சம் சத்தம் வந்திருக்கணும்க்கா” என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் வேனில் உட்கார்ந்து ஜெபித்தேன். “ஆண்டவரே, திரும்பக் கொடுத்தால் பாடுகிறேன். கொடுக்காவிட்டால் கை தட்டுகிறேன். எதுவானாலும் உம்மை விட்டு எங்கே போவேன்?” இதைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் தேவைப்பட்டது. சொன்ன பிறகு பாரம் குறைந்தது. சங்ககிரி தாண்டும்போது தூங்கிவிட்டேன்.

மழைக்காலம் பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். என் கணவர் முன் மாதிரி இல்லை, இப்போது நீளமாகவே ஜெபிக்கப் பழகிவிட்டார். டயர் பஞ்சரானதில் ஆரம்பித்து, பழனியம்மாள் மகளின் பரீட்சைக்கு வந்து, டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லி, மெல்ல என் குரலுக்கு வந்து சேர்ந்தார்.

“எத்தன நாளானாலும் நாங்க கேட்டுட்டேதான் இருப்பமுங்க. உங்களுக்குச் சலிப்பா இருந்தாலும் கேப்பமுங்க. எஸ்தரு கொரல…”

எனக்கு அடுப்பிலிருந்து வாசனை வந்தது. கண்ணைத் திறந்தேன். பால் விளிம்புக்கு வந்துவிட்டது.

“ஏனுங்க, பாலு பொங்குது” என்றேன்.

கரகரவென்று, ஆம்பளைக் குரல் மாதிரி, ஒரு குரல் கேட்டது. யார் பேசினது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். என் கணவர் கண்ணைத் திறக்கவே இல்லை. “கேட்டுச்சுங்க. ஆமென்” என்றார்.

யாரும் எழுந்து அடுப்பை அணைக்கவில்லை. பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் வழிந்து தரைக்கு வந்தது. கேஸ் வாசனை வந்த பிறகுதான் பிரிசில்லா ஓடிப்போய்ச் சிலிண்டரை மூடினாள். கிரேஸ் என் மடியில் ஏறி உட்கார்ந்து, “அம்மா, இன்னொருக்கா சொல்லு” என்றாள். பாலு பொங்குது, பாலு பொங்குது என்று அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பால் இல்லை. சத்தம் கேட்டுப் பழனியம்மாள் எட்டிப் பார்த்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், கையிலிருந்த சொம்பை வாசலிலேயே போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். அசையாமல் இருந்த பக்கம் அசையத் தொடங்கியிருந்தது. அவருக்கும் சந்தோஷம். நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது என்று என் கணவரே அவரிடம் விளக்கமாகச் சொன்னார், டயர் பஞ்சரான கதை உட்பட. வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பழைய குரல் வரவில்லை. மேல் சுருதிக்கு இப்போது எட்டாது. பாட்டு எடுத்துக் கொடுப்பது இன்னும் அந்தத் தங்கச்சிதான், நான் ஆண்கள் வரிசையோடு சேர்ந்து கீழ்ச் சுருதியில் பாடுகிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. என் கணவர் போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் எழுந்து ஜெபித்தார். வணக்கமுங்க என்றுதான் ஆரம்பித்தார். சிலர் சிரித்தார்கள். முடிக்கும்போது அவர்கள் கண் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் பாவம் இருக்கும் என்று சொன்ன சகோதரியும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களில் சிலர் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். கோபமாகவும் இருப்பீர்கள். கோபத்தோடேயாவது அவருக்கு முன்னால் உட்காருங்கள், எழுந்து போய்விடாதீர்கள். உங்களால் ஜெபிக்க முடியாவிட்டால் வீட்டில் வேறு யாராவது ஜெபிக்கட்டும். அழகாகப் பேச வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட மாதிரியே கொடுப்பார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உங்களைக் கைவிடமாட்டார். அதை எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்வேன், இந்தக் கரகரத்த குரலிலேயே.

போன வாரம் வேறொரு தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. எனக்கு வந்த அதே இடத்தில் அவளுக்கும் கட்டி. என் கழுத்துத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“உங்களுக்குப் பயமா இல்லீங்களாக்கா?”

“நல்லாவே பயமா இருந்துச்சு கண்ணு” என்றேன். “வெசனப்படாத. தனியா போக வேண்டாம், நானுங்கூட வாரேன்.”

வருகிற திங்கட்கிழமை அவளுக்கு ஆபரேஷன். காலை முதல் பஸ்ஸில் இருவரும் சேலத்துக்குப் போகிறோம். இதை வாசிக்கிற நீங்களும் ஒரு நிமிஷம் அவளுக்காக ஜெபியுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எஸ்தரோடு வருகிற பிள்ளை என்று சொன்னால் கர்த்தருக்குத் தெரியும்.